தலைப்பு வேண்டாம், கேள்வி கொடுங்கள்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு,

நான் ஒரு சிறு நகரத்தில் கிளை நூலகராக இருக்கிறேன். நீங்கள் வகுப்பில் சொல்லி அனுப்பும் செயல்திட்டங்கள் மாலை நாலரை மணிக்கு மேல் எங்கள் வாசலுக்குத்தான் வந்து சேர்கின்றன. 'நீர் மாசுபாடு', 'தேசத் தலைவர்கள்', 'போக்குவரத்துச் சாதனங்கள்' என்று டைரியில் ஒரு வரி இருக்கும். அதன் கீழே 'நாளைக்குள்' என்று இருக்கும். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் அம்மா, "சார், இதைப் பத்தி ஏதாச்சும் புக் இருக்கா?" என்பார். எடுத்துக் கொடுத்தால் நின்றபடியே நாலு பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்வார். வழியில் ஸ்டேஷனரி கடையில் ஒரு சார்ட்டும் தலைவர்கள் படத்தாளும் வாங்கிக்கொள்வார்கள். இரவு அம்மா எழுத, அப்பா படம் வெட்ட, பிள்ளை பசை தடவும். மறுநாள் அது உங்கள் வகுப்புச் சுவரில் தொங்கும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் 'தேசத் தலைவர்கள்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு அது என்ன செய்ய முடியும்? பார்த்து எழுதலாம், அவ்வளவுதான். அதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். தலைப்பு என்பது மூடிய கதவு. அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்க இந்த மடலை எழுதுகிறேன். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேள்வி கொடுங்கள். முடிந்தால் அந்தக் கேள்வியையும் அவர்களையே கேட்க விடுங்கள்.

எப்படிப்பட்ட கேள்வி என்று கேட்பீர்கள். சின்னதாக இருக்க வேண்டும். பிள்ளை நடந்து போகும் தூரத்துக்குள் விடை இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் முடிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், விடை உங்களுக்கும் தெரியாததாக இருக்க வேண்டும். 'எறும்புகள்' என்பது தலைப்பு. 'எங்கள் வீட்டு எறும்பு வெல்லத்துக்கு முதலில் வருமா, சர்க்கரைக்கா?' என்பது கேள்வி. 'சத்தான உணவு' என்பது தலைப்பு. 'நம் பள்ளியில் காலை உணவு எந்தக் கிழமையில் தட்டில் அதிகம் மிஞ்சுகிறது?' என்பது கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு வாரம் பிள்ளைகள் கோடு போட்டு எண்ணினால் போதும். உங்கள் கணக்குப் புத்தகத்தில் 'தகவல் செயலாக்கம்' என்று ஒரு பாடம் இருக்கிறதல்லவா, அதில் வரும் நேர்க்கோட்டுக் குறிகள் இதற்கென்றே படைக்கப்பட்டவை. அங்கே புத்தகத்தில் அச்சிட்ட ஆப்பிளையும் மாம்பழத்தையும் எண்ணுவதற்குப் பதிலாக, இங்கே தன் பள்ளியில் மிஞ்சிய உப்புமாவை எண்ணுகிறார்கள். கடைசியில் கிடைக்கும் விடையைச் சமைக்கும் அக்காவிடம் போய்ச் சொல்லவும் முடியும்.

எறும்புக் கேள்வியை எங்கள் நூலகத் தாழ்வாரத்திலேயே ஒரு சனிக்கிழமை சில பிள்ளைகள் செய்து பார்த்தார்கள். பழைய நாளிதழ்த் தாளில் ஒரு சாண் இடைவெளி விட்டு வெல்லம், சர்க்கரை, உப்பு மூன்றையும் ஒரே அளவில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறித்தார்கள். வெல்லத்தைச் சுற்றி எறும்பு மொய்த்தது. "வெல்லம்தான்!" என்று ஒரு பையன் கத்தினான். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெல்லம் சுவரோரமா இருக்கு. எறும்பு சுவர்லேர்ந்துதான் வருது. கிட்ட இருக்கிறதால வந்திருக்கும்" என்றாள். உடனே வெல்லத்தையும் சர்க்கரையையும் இடம் மாற்றி வைத்து மறுபடி எண்ணினார்கள். கணக்கு மாறிவிட்டது. முதலில் கத்திய பையனுக்கு வருத்தம்தான். ஆனால் அவன்தான் மூன்றாவது முறையும் வைத்துப் பார்க்கலாம் என்று வற்புறுத்தினான்.

ஆய்வுக்கூடத்தில் பெரியவர்கள் செய்வதும் இதையேதான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை, மறுபடி பார். இதை ஒரு விதியாக யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்வி அவள் கையில் இருந்ததால் அவளுக்கே தோன்றியது.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகுமா என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பிளாக்காட்டன் என்று ஒரு கிராமம். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் 8 முதல் 10 வயது வரையுள்ள 25 பிள்ளைகள் பம்பிள் தேனீக்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். பூ எந்த நிறம் என்பதை மட்டும் பார்த்துத் தேனீ தேர்ந்தெடுக்கிறதா, அந்தப் பூ எந்த இடத்தில், எந்த நிறங்களின் நடுவில் இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்கிறதா என்பது அவர்களின் கேள்வி. மஞ்சளும் நீலமுமாக வட்டங்கள் ஒளிரும் ஒரு பெட்டி. சில வட்டங்களில் சர்க்கரைத் தண்ணீர், சிலவற்றில் உப்புத் தண்ணீர். தேனீக்கள் பழகிய பிறகு சோதித்துப் பார்த்தார்கள். நிறம், இடம் இரண்டையும் சேர்த்து வைத்துத் தேனீயால் முடிவெடுக்க முடியும் என்று கண்டார்கள். பியூ லாட்டோ என்ற நரம்பியல் அறிவியலாளர் கூட இருந்து உதவினார். ஆனால் கேள்வியும் புதிர்களும் முடிவுகளும் பிள்ளைகளுடையவை. 2010 டிசம்பரில் ராயல் சொசைட்டியின் 'பயாலஜி லெட்டர்ஸ்' ஆய்விதழ் அதை வெளியிட்டது. கட்டுரை பிள்ளைகளின் சொந்த வார்த்தைகளில் இருக்கிறது. படங்களை அவர்களே வண்ணப் பென்சிலால் வரைந்திருக்கிறார்கள். மேற்கோள் நூற்பட்டியல் கிடையாது. அந்தத் துறையில் முன்பு எழுதப்பட்டவை அந்த வயதில் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவை அல்ல என்பதால் அதை விட்டுவிட்டார்கள். அறிஞர்கள் இருவர் துறையின் பின்னணியை விளக்கித் தனிக் குறிப்பு எழுதிச் சேர்த்தார்கள்.

எல்லாப் பள்ளியும் ராயல் சொசைட்டிக்கு எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் ஆரம்பம் ஒரு கேள்விதான். அந்தக் கேள்விக்கான விடை அந்தக் கிராமத்தில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

சரி, கேள்வி கிடைத்துவிட்டது. அடுத்தது பார்ப்பதும் குறிப்பதும். இங்கே ஒரு சின்ன ஏற்பாட்டை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். நோட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'நினைத்தது'. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக் காகத்தைப் பார்த்துவிட்டு 'காகம் கோபமாக இருந்தது' என்று இடப்பக்கம் எழுதியிருந்தது. கோபத்தை நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு அதை அடித்து, 'கழுத்தை நீட்டிக் கத்தியது. பக்கத்துக் காகம் பறந்து போனது' என்று எழுதியது. கோபம் வலப்பக்கத்துக்குப் போனது. கண்ணால் கண்டதும் மனதால் ஊகித்ததும் வேறு வேறு என்பது பெரியவர்கள் பலருக்கே இன்னும் பிடிபடாத விஷயம். ஒன்பது வயதில் ஒரு கோடு போட்டுக் கற்றுக்கொள்ள முடிகிறது. அதே பிள்ளை அடுத்த வாரம் வந்து, "சார், காக்கா ரெண்டு வகை. ஒண்ணுக்குக் கழுத்து சாம்பல் கலர், இன்னொண்ணு முழுக்க கறுப்பு" என்றது. வீட்டுக் காகமும் அண்டங்காக்கையும். நாள்தோறும் காகத்துக்குச் சோறு வைக்கும் வீட்டுப் பிள்ளை அது. அதுவரை அந்த வேறுபாடு அதன் கண்ணில் பட்டதில்லை.

பறவைகள் என்றால் உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் தம் வீட்டு மாடியிலிருந்தோ கண்மாய்க் கரையிலிருந்தோ குறைந்தது கால்மணி நேரம் பார்த்து, எண்ணி, ஈபேர்டு தளத்தில் பதிவேற்றலாம். பிள்ளை எண்ணிய மைனாக்களும் அறிவியலாளர்கள் எடுத்தாளும் கணக்கில் சேர்கின்றன. வகுப்பில் ஒட்டி மறக்கப்படும் சார்ட்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

பிறகு, மனிதர்களிடம் கேட்பது. இது நம் ஊர்களில் கொட்டிக் கிடக்கும் செல்வம், பைசா செலவில்லை. தெருமுனைக் கிணறு எப்போது வெட்டினார்கள், எப்போது வற்றியது, ஊருக்குள் முதல் பஸ் எந்த வருஷம் வந்தது, முன்பு வயலில் என்ன நெல் போட்டார்கள் என்றெல்லாம் ஒரு பிள்ளை பாட்டியிடம் கேட்கலாம். போகுமுன் நாலு கேள்வியை எழுதிக்கொண்டு போகட்டும். அவற்றில் ஒன்று கட்டாயம் இதுவாக இருக்கட்டும்: "இது நீங்களே பார்த்ததா பாட்டி, இல்ல யாராச்சும் சொல்லிக் கேட்டதா?" பெரியவர்களிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் தயங்குவார்கள். பணிவாகக் கேட்கும் விதத்தை நீங்கள்தான் வகுப்பில் நடித்துக் காட்ட வேண்டும். என் அனுபவத்தில் எந்தப் பாட்டியும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. "நான் பார்க்கல கண்ணு, எங்க மாமியார் சொல்லுவாங்க" என்று சந்தோஷமாகத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு தாத்தாக்கள் இரண்டு வருஷத்தைச் சொன்னால், பிள்ளை இரண்டையும் எழுதட்டும். யார் சொன்னது சரி என்று உடனே தீர்ப்பெழுத வேண்டாம். ரேஷன் கார்டிலோ பழைய பத்திரத்திலோ கோயில் கல்வெட்டிலோ ஒரு தடயம் இருக்கிறதா என்று தேடப் போகும் பிள்ளை வரலாற்றாசிரியரின் வேலையைத் தொடங்கிவிட்டது.

இனி என் வேலைக்கு வருகிறேன், புத்தகம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 247 எழுத்தும் தெரிகிறது. ஆனால் அகராதியைக் கொடுத்து 'கொக்கு' எங்கே என்றால் முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறார்கள். க, கா, கி, கீ என்று போய் கை முடிந்த பிறகுதான் கொ வரும் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை இங்கே பயன்படுத்தலாம் என்றுதான் தெரியவில்லை. 'அகல்' முதலில் வருமா, 'அக்கா' முதலில் வருமா என்று கேட்டுப் பாருங்கள். புள்ளி வைத்த எழுத்து முன்னால் என்று கண்டுபிடிக்கும்போது வகுப்பே கலகலக்கும். இதற்குத் தனிப் பாடவேளைகூட வேண்டாம். வருகைப் பதிவேட்டில் உள்ள தங்கள் பெயர்களின் அகரவரிசைப்படி பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொன்னால் போதும். அப்புறம் பொருளடக்கம், கடைசிப் பக்கத்துச் சொல்லடைவு. அவை எதற்கு என்று ஒருமுறை காட்டிவிட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நான் அதிகம் சொல்ல விரும்புவது தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பற்றி. யாரும் பார்க்காத பக்கம் அது. முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று அங்கேதான் இருக்கும். ஒரு பையனைத் தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள் என்று தேடச் சொன்னேன். அடுக்கிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து வந்தான். ஒன்றில் 30, ஒன்றில் 32, ஒன்றில் 38. "எது சார் தப்பு?" என்று கேட்டான். மூன்றிலும் ஆண்டைப் பார்க்கச் சொன்னேன். 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது எண்ணிக்கை 32 ஆனது. பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து வந்தன. 2020இல் மயிலாடுதுறை வந்தது, 38 ஆயிற்று. அவன் எடுத்து வந்த மூன்று புத்தகமும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தான் அச்சான நாளின் உண்மையைச் சொன்னது. அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து அந்தப் பையன் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைத் திருப்புகிறான். இதை ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளியிலேயே பழகிவிட்டால், பத்து வருஷம் கழித்து வாட்ஸ்அப்பில் வரும் பழைய வெள்ளப் படத்தை நேற்று எடுத்தது என்று நம்பிப் பகிராது.

பெ. தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துங்கள். பத்துத் தொகுதிகள், 1968 முதல் 1976 வரை வந்தவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். பிள்ளைகளுக்காக இவ்வளவு உழைப்பைத் தமிழில் அதற்கு முன் யாரும் கொட்டியதில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்கு முந்தியது. அதில் புளூட்டோ ஒன்பதாவது கோளாகவே இருக்கும். 2006இல்தான் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என்று மாற்றி வகுத்தது. நல்ல புத்தகத்தையும் ஆண்டு பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எங்களுக்குப் பயிற்சியில் மனப்பாடமாக்கினார்கள். அவற்றில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பெரியவர்களுக்கு அதை முழு மனத்துடன் பின்பற்றுகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை தேடி வந்தால் மட்டும், அடுக்கைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன். தேடித் தவறான புத்தகத்தை எடுத்து, வைத்து, மறுபடி எடுப்பதற்கு அதற்கு நேரம் வேண்டும்.

போன் பற்றி நீண்ட பிரசங்கம் எதுவும் என்னிடம் இல்லை. பிள்ளைகள் போனில் வாயால் கேட்டே விடை வாங்கிவிடுகிறார்கள், இனி அதைத் தடுக்க முடியாது. இரண்டு பழக்கம் மட்டும் உண்டாக்குங்கள். ஒன்று, படித்ததை மூடி வைத்துவிட்டுத் தன் வார்த்தையில் எழுதுவது. போன் கவிழ்ந்திருக்க வேண்டும், புத்தகம் மூடியிருக்க வேண்டும். நினைவில் நின்றது மட்டும் தாளில் வரட்டும். மூன்று வரிதான் வந்தால் மூன்று வரியே போதும். இன்னொன்று, ஒரே செய்தி மூன்று இடத்தில் இருந்தால் மூன்று சாட்சி என்று எண்ணிவிடாதிருப்பது. 'வௌவாலுக்குக் கண் தெரியாது' என்று எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியது. நம் ஊர் ஆலமரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவாலுக்கு நன்றாகவே கண் தெரியும். பார்வையாலும் மோப்பத்தாலும்தான் அது பழத்தைத் தேடிப் போகிறது.

எழுதி முடித்ததும் அடியில் ஒரு வரி கேளுங்கள்: எங்கே கிடைத்தது? புத்தகம் என்றால் பெயரும் பக்கமும். ஆள் என்றால், 'சொன்னவர்: எதிர்வீட்டுத் தாத்தா, ஞாயிறு மாலை' என்றிருந்தால் போதும். நானே பார்த்தேன் என்றால் அதையும் எழுதட்டும், பெருமையோடு.

உங்கள் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், எமிஸ் பதிவுகள், எண்ணும் எழுத்தும் கையேடு, இடையில் தேர்தல் பணி. இதற்கு மேல் இன்னொன்றா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. நான் கேட்பது புதிய வேலை இல்லை. ஏற்கெனவே கொடுக்கும் செயல்திட்டங்களில் பருவத்துக்கு ஒன்றை மட்டும் கேள்வியாக மாற்றுங்கள். மதிப்பெண்ணைச் சார்ட்டுக்குப் போடாமல், பிள்ளையின் கிறுக்கல் நோட்டுக்குப் போடுங்கள். அடித்துத் திருத்திய இடங்கள் இருந்தால் கூடுதலாகவே போடுங்கள். அழகான சார்ட்டைப் பாராட்டும் வரை பெற்றோர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். நோட்டைக் கேட்கத் தொடங்கினால் அவர்களுக்கும் விடுதலை.

வசதியில்லாத அரசுப் பள்ளியில் இது நடக்காது என்பவர்களுக்கு மத்தியப் பிரதேசம் பதில் சொல்லியிருக்கிறது. ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. மனப்பாடத்தை விட்டுவிட்டு, பிள்ளைகள் தாங்களே செய்து, பார்த்து, பேசி முடிவுக்கு வரும் முறை. பின்னர் ஏகலைவ்யா அமைப்பு அதை வளர்த்தது. 2002இல் மாநில அரசு நிறுத்தும்வரை முப்பதாண்டுகள் நடந்தது. நிறுத்தியது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம். அந்தத் திட்டத்தில் சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதர் இருந்தார். எந்தப் பிள்ளையும் எந்தக் கேள்வியையும் கடிதமாக அவருக்கு எழுதலாம். பதில் வரும். ஆறாம் வகுப்பு முதலான பிள்ளைகளுக்கான ஏற்பாடு அது. ஆனால் கேள்வி எழுதிப் போட ஒரு முகவரி இருப்பது மூன்றாம் வகுப்புக்கு இன்னும் பொருந்தும். ஒரு பழைய அட்டைப்பெட்டியில் துளை போட்டு வகுப்பு மூலையில் வையுங்கள். வாரத்துக்கு ஒன்றை எடுத்து, "இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று வகுப்பையே கேளுங்கள். விடை சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பெட்டியில் விழும் கேள்விகளில் புத்தகம் தேவைப்படுபவை இருந்தால், ஒரு பிற்பகல் பிள்ளைகளை உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். முதல் நாளே நூலகரிடம் கேள்விகளைச் சொல்லி அனுப்புங்கள். தொடர்பான புத்தகங்களைக் கீழ் அடுக்குக்கு இறக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டுமாறு வைத்திருப்பார். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் எங்களுக்கு விடுமுறை. அந்த நாட்களைத் தவிர்த்து வாருங்கள்.

அன்புடன்,
ஒரு கிளை நூலகர்